நிற்காமல் போன லாரி

ராணுவத்தில் பதினாறு வருடம் லாரி ஓட்டியவர் அவர். தெருவில் இன்றைக்கும் 'டிரைவர்' என்றால் அவர்தான். ஆனால் ஊர் திரும்பிய நாளிலிருந்து அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. துணிக்கிடங்கு ஒன்றில் வாசல் காவலுக்குப் போனார்.

போர் மனதில் விட்டுப்போன பாதிப்புக்காக ஊன ஓய்வூதியம் கேட்டு மனுப் போட்டவர் அவர் மனைவி. முதல் முறை நிராகரித்துவிட்டார்கள். மதிப்பீடு செய்த மருத்துவர் கேட்டதற்கெல்லாம் இவர் விறைப்பாக உட்கார்ந்து, "நல்லா இருக்கேன் சார்" என்றே சொல்லியிருந்தார். பத்து நிமிடத்தில் கோப்பை மூடிவிட்டார்கள்.

"உங்க 'நல்லா இருக்கேன்'கூடத்தான் நான் குடித்தனம் பண்றேன்" என்றார் மனைவி. அவரே மேல்முறையீட்டுக்கும் எழுதிப் போட்டார்.

இரண்டாம் முறை ஒரு பெண் மருத்துவர். படிவத்தைத் திறந்தவர், இவருடைய சட்டை வியர்வையில் நனைந்திருப்பதையும் செருப்பெல்லாம் புழுதியாக இருப்பதையும் பார்த்தார்.

"எதுல வந்தீங்க?"

"நடந்துதான் மேடம். பன்னெண்டு கிலோமீட்டர் இருக்கும்."

பக்கத்தில் இருந்த மனைவி பொறுக்க மாட்டாமல் சொன்னார்: "நான் பஸ்ல வந்துட்டேன். இவரு எந்த வண்டியிலயும் ஏற மாட்டாரு. பொண்ணுக்கு வலி எடுத்து கார்ல ஏத்தினப்பகூட பின்னாடியே ஓடி வந்தாரு. இவரு வந்து சேர்றதுக்குள்ள பேத்தி பொறந்துட்டா."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்போலேர்ந்து இப்படி?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நீ கொஞ்சம் வெளிய இரு."

"இத்தனை வருஷமா வெளியதான் இருக்கேன். சொல்லுங்க."

அவர் சொல்லத் தொடங்கினார். விடியற்காலை, நல்ல பனி. வரிசையாகப் போகும் லாரிகளில் இவருடையது முதல் லாரி. குறுக்கே எது வந்தாலும் நிறுத்தக் கூடாது என்பது உத்தரவு. நின்றால் பின்னால் வருகிறவர்கள் சாவார்கள். சாலை நடுவில் நீலமாக ஏதோ கிடந்தது. நிறுத்தவில்லை. சக்கரம் ஒருமுறை ஏறி இறங்கியது.

"மூட்டையா இருக்கலாம் மேடம். சைடு கண்ணாடியில பின்னாடி பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பார்க்கல. இப்ப எந்த வண்டியில உக்காந்தாலும் அடியில அது ஏறி இறங்குது."

"போன தடவை ஏன் இதைச் சொல்லல?"

"அவரு கெட்ட கனவு வருதான்னு கேட்டாரு. கனவெல்லாம் வர்றதில்ல மேடம். முழிச்சிருக்கும்போதுதான்."

அன்று மனைவியும் அவரோடு நடந்தே வீடு திரும்பினார். பாதி வழியில், "மூட்டையாத்தாங்க இருக்கும்" என்றார்.

"நீ பார்த்தியா?"

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை மனைவி எடுக்கவே இல்லை.

இரண்டு மாதத்தில் மனு ஏற்கப்பட்டது. செவ்வாய்தோறும் சிகிச்சை. ஐந்தாம் மாதம், மருத்துவமனை வளாகத்தில் இன்ஜினை அணைத்து நிறுத்தியிருந்த காரில், மனநல ஆலோசகர் பக்கத்தில் இருக்க, நான்கு நிமிடம் உட்கார்ந்தார். இறங்கியதும் முழங்காலிட்டுக் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். நான்கு சக்கரங்களையும் சுற்றிவந்து பார்த்தார். அவர் பார்த்து முடிக்கும்வரை மனைவி அருகிலேயே நின்றிருந்தார்.