ரோஸிக்கு எப்போ லீவு?

இல்லை, அஞ்சலி போஸ்டரில் போட்டிருப்பது தவறு. ஒரு மகன் மட்டும் இல்லை. ஒரு மகளும் உண்டு.

மார்த்தா ஆயா இன்று காலை இறந்துவிட்டார். கொடைக்கானலில், மகன் வீட்டில். தொண்ணூறு தாண்டியிருக்கும்... சரியான வயது அவருக்கே தெரியாது.

வெள்ளைக்காரப் பிள்ளைகள் படித்த ஒரு போர்டிங் ஸ்கூலில் அவர் ஆயா. என் அப்பா அங்கே சமையல். குவார்ட்டர்ஸில் பக்கத்துப் பக்கத்து வீடு.

ஆயாவின் மகள் ரோஸிக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் முகம் எனக்கு நினைவில்லை. மூன்று வயதில் போய்விட்டாள்.

ஆயாவுக்குச் சொந்த ஊர் பள்ளங்கிப் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகுதான் ஞானஸ்நானம். முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவது ரோஸி; மகன் பிறகுதான் பிறந்தான். அவளுக்கும் சளி கட்டி, மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தது. "இது பொழச்சா உமக்கே குடுத்துர்றேன் ஆண்டவரே" என்று முழங்காலில் நின்று பொருத்தனை செய்தாராம்.

பிழைத்தாள்.

அடுத்த சீசனில், பிள்ளை இல்லாத ஒரு மிஷனரி தம்பதி ரோஸியைத் தத்துக் கேட்டார்கள். ஆண்டவரே ஆள் அனுப்பிக் கேட்கிறார் என்று ஆயா நினைத்தார். மூன்று நாள் உபவாசம் இருந்தார். சரி என்றார்.

அவர் புருஷன் மட்டும் கேட்டிருக்கிறார். "ஏ புள்ள, கடல் தாண்டிப் போறவுக திரும்பக் கொண்டாந்து விடுவாகளா?"

"நீங்க சும்மா இருங்க. இங்க கெடக்குற பிள்ளைகளுக்கெல்லாம் ஆத்தா அப்பன் இல்லையா? ஜனவரில விட்டுட்டு அழுதுக்கிட்டே போறாக. அக்டோபர்ல வந்து கூட்டிட்டுப் போறாக. அவுக வழக்கமே அதான்."

வருஷம் முழுக்க அவர் பார்த்தது அதைத்தான். தூரத்தில் வளர்கிற பிள்ளைகள். லீவுக்குத் தாயிடம் போகிற பிள்ளைகள். ரோஸிக்கும் அப்படித்தான், ஸ்கூல் மட்டும் அமெரிக்காவில் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார்.

யாரும் ஏமாற்றவில்லை. என்ன புரிந்தது என்று யாரும் அவரைக் கேட்கவும் இல்லை.

ஒவ்வொரு மழைக்காலமும் என்னைக் கூப்பிடுவார். "பாப்பா, வெரசா வா. திரும்பி நில்லு." என் முதுகில் நூலை வைத்துத் தோள் அளவு எடுப்பார். ரோஸிக்கு ஸ்வெட்டர். அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார்.

என் அம்மா சிரிப்பாள். "எம் பிள்ளைய அளந்து அவளுக்குப் பின்னுறியே மார்த்தா. அது அங்க பாலும் வெண்ணெயுமா தின்னு பூசணிக்காயாட்டம் இருக்கும்."

"இருக்கட்டும்க்கா. ரெண்டு விரக்கடை கூட்டித்தான் போடுறேன்."

எனக்கு அது பிடிக்காது. அளவெடுக்கும்போது அவர் என்னைப் பார்க்கவே மாட்டார்.

வேதக்கோவிலில், ஆண்டவர் செய்ததைச் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நிற்பார். "எம் பிள்ளைய ஆண்டவர் கப்பல்ல கூட்டிட்டுப் போயிருக்காரு. லீவு விட்டதும் கொண்டாந்து விட்ருவாரு." சிலர் ஸ்தோத்திரம் என்பார்கள். சிலர் குனிந்துகொள்வார்கள். என் அப்பா குனிந்துகொள்வார்.

அறுபதுகளின் நடுவில் அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

வழக்கமாக வார்டன் அம்மா வாசித்து, "நல்லா இருக்காளாம், மார்த்தா" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். அன்று அவர் மதுரைக்கு இறங்கியிருந்தார். ஆயா கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தார். நான் கான்வென்ட்டில் ஏழாவது.

எனக்குப் பெருமை. ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் வாசித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். நடுவில் நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை.

ரோஸி நலம். இனி ஸ்வெட்டர் அனுப்ப வேண்டாம். அவளுக்கு உங்களை நினைவில்லை. நீங்கள் எழுதச் சொல்லி வருகிற கடிதங்கள் அவளைக் குழப்புகின்றன. ஜெபம் செய்து எடுத்த முடிவு இது. சட்டப்படி அவள் எங்கள் மகள். அவள் வீடு இதுதான்.

"லீவு எப்பன்னு போட்டிருக்கு?"

"லீவப் பத்தி ஒண்ணும் எழுதல ஆயா."

"நல்லாப் பாரு பாப்பா. பின்பக்கம் பாரு."

திருப்பிக் காட்டினேன். வெறும் தாள்.

"அவ வர மாட்டா ஆயா. இனிமே அங்கதான்."

அந்த வரி கடிதத்தில் இல்லை. நான் சொன்னது. பன்னிரண்டு வயது.

கடிதத்தை நீட்டினேன். ஆயா வாங்கவில்லை.

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன்.

"அப்பாவுக்கு?"

அதற்கும் தலையாட்டினேன்.

"எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்கு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேனோ என்னவோ...

அதற்கப்புறமும் ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வந்தார். பாடினார். சாட்சி நேரத்தில் எழுந்து நின்றதை நான் பார்க்கவில்லை.

நாளை மூன்று மணிக்கு அடக்கம். நான் மதுரையில். முழங்கால் இருக்கிற இருப்பில் மலை ஏற முடியாது. இப்படி எழுதத்தான் முடிகிறது.

சமாதானமாகப் போங்கள், ஆயா.

கடிதம் வாசித்த அன்று மணி நாலு அடித்தது. ஆயா எழுந்தார். முந்தானையைச் செருகிக்கொண்டு டார்மிட்டரிக்குப் போனார். பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் வெந்நீர் ஊற்றி, தலை துவட்டி, வரிசையாகச் சாப்பிட அனுப்பினார்.