கனகாம்பிகை போட்ட புள்ளடி

1977இல் வென்ட்வேர்த்வில்லில், தெருவுக்கு நடைபாதை கேட்டு, பக்கத்து வீட்டு ஜாய்ஸ் நகரசபைத் தேர்தலில் நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து அந்த நாட்டுக்குக் குடிவந்த கனகாம்பிகை அவருக்கு வாக்குக் கேட்டுத் தமிழ் வீடெல்லாம் ஏறி இறங்கினார்.

"ஜாய்ஸின்ர பேருக்கு நேர ஒண்டு எண்டு இலக்கம் போடுங்கோ. ஊரில மாதிரிப் புள்ளடி போட்டால் வாக்குச் செல்லாது."

வாக்குச்சாவடியில் கனகாம்பிகையின் கை யாரைக் கேட்டது? பழகின கை, பெருக்கல் குறிபோல வடிவான புள்ளடி ஒன்றைக் கீறிவிட்டது. சீட்டு பெட்டிக்குள் விழுந்த பிறகுதான் தான் இலக்கம் போடாதது உறைத்தது. வாக்குக் கேட்கத் தெரிந்தவருக்குப் போடத் தெரியவில்லை என்று யாரும் சிரிக்க வேண்டாம். ஊரில் எத்தனை தேர்தலில் போட்ட கை அது!

ஜாய்ஸ் வென்றார். கேக்கோடு வந்து கட்டிக்கொண்டார்.

"எனக்கு விழுந்த முதல் வாக்கு உன்னுடையதுதானே?"

கனகாம்பிகை ஓமென்று தலையாட்டினார். கேக்கில் பெரிய துண்டை ஜாய்ஸின் தட்டிலேயே வைத்தார்.