சின்ன ரயிலின் மறுவாசல்

காத்தான்குடிச் சாலிஹ் உயரத்துக்கு அஞ்சாதவர். கட்டாரிலே வானளாவும் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுவது அவருடைய தொழில். ஒற்றைப் பலகையில் அமர்ந்து, காலுக்குக் கீழே பருந்து வட்டமிடுவதைப் பார்த்தபடி மதிய உணவை உண்டவர். ஆயினும், விடுமுறையில் ஊர் திரும்பிய நாள் தொட்டு ஓர் அச்சம் அவருடைய நெஞ்சை விட்டு அகலவில்லை. மகள் ஸாதியா தம்மை வாப்பாவென்று ஏற்காமலே போய்விடுவாளோ என்பதே அது.

அவர் விமானமேறியபோது அவள் உம்மாவின் வயிற்றில் இருந்தாள். இப்போது அவளுக்கு இரண்டு வயது. வெள்ளிக்கிழமை தோறும் கைபேசித் திரையில் வாப்பாவைக் காண்பாள். சாலிஹ் தமது மஞ்சள் தலைக்கவசத்தால் முகத்தை மறைத்துச் சட்டென்று விலக்குவார். அவள் வீடே அதிரச் சிரிப்பாள். அழைப்பு முடிந்ததும் கைபேசியைப் புரட்டிப் பார்த்து, அதன் பின்புறத்தில் வாப்பாவைத் தேடுவாள். அப்படித் தேடப்பட்டவர் நேரில் வந்து நின்றபோதோ, வீரிட்டு அலறி உம்மாவின் முக்காட்டுக்குள் ஒளிந்துகொண்டாள்.

"நான் பக்கத்துல நிண்டா உங்களுக்கிட்ட வரவே மாட்டாள். தனியக் கூட்டிக்கொண்டு போங்க. கொஞ்சம் அழுவாள், மறுகா சரிவரும்," என்றாள் மனைவி றுக்ஷானா.

அவ்வாறே வாவிக்கரையில் புதிதாகத் திறந்திருந்த விளையாட்டுப் பூங்காவுக்கு மகளைத் தூக்கிச் சென்றார். ஸாதியா அவருடைய தோளில் மரக்கட்டை போல விறைத்திருந்தாள். சுழலும் குதிரைகளைக் காட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள், ஆனால் அவரைப் பார்க்கவில்லை. குழந்தைகளுக்கான சின்ன ரயிலைக் கண்டதும் மட்டும் கைநீட்டி, "அது," என்றாள். நேரில் அவருடன் அவள் பேசிய முதற்சொல் அது. சாலிஹின் உள்ளம் குளிர்ந்தது.

"பெரியாக்கள் ஏற ஏலா, அண்ணன். புள்ளைய மட்டும் இருத்துங்க," என்றான் ரயிலை ஓட்டுபவன்.

அவளை இருத்திப் பட்டியை மாட்டினார். ரயில் அட்டைக் குகைக்குள் நுழைந்தது. தொழிற்பழக்கம் யாரை விட்டது? சாலிஹ் குனிந்து தண்டவாளத்தின் திருகாணிகளை ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கினார். ஒன்று தளர்ந்திருப்பதைக் கண்டு விரலால் முறுக்கவும் செய்தார். ரயில் உறுதியானதா என்று பார்த்தவர், அது எங்கே பிள்ளைகளை இறக்குமென்று கேட்கவில்லை. ஏற்றிய இடத்துக்கே அது திரும்பி வந்தது. பெட்டிகள் வெறுமையாக இருந்தன.

"என்ட புள்ள எங்க?"

"மத்த வாசல்ல எல்லாரும் இறங்கிட்டாங்களே! நீங்க அங்காலயெல்லோ நிண்டிருக்கணும்!"

மறுவாசல் வாவியை நோக்கியிருந்தது. அங்கே தாய்மாரும் பிள்ளைகளும் கலைந்து சென்றுகொண்டிருந்தனர். ஸாதியாவைக் காணவில்லை. கம்பிவேலியின் ஓரிடத்தில், ஒரு குழந்தை நுழையக்கூடிய இடைவெளி. பக்கத்திலே, முதலைகள் உண்டென்று எச்சரிக்கும் பலகை. சாலிஹ் முதலில் பார்த்தது தண்ணீரைத்தான். அது அசைவற்றுக் கிடந்தது. "யா அல்லாஹ்!" என்று வாய்விட்டு அலறியபடி கரையோரம் ஓடினார்.

காவற்கூடத்தின் அருகே ஒரு பெண்ணின் இடுப்பில் ஸாதியா இருந்தாள். அந்தப் பெண், தன் பிள்ளைகளோடு கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்திருந்த சுலோஜனா. மூச்சிரைக்க ஓடிவந்து கைநீட்டிய சாலிஹைக் கண்டதும் குழந்தை கதறி, சுலோஜனாவின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டது.

"நில்லுங்க! ஆர் நீங்க?" என்று அவள் பின்வாங்கினாள்.

"நான் அவட வாப்பா."

"வாப்பாவாம்! வாப்பாவக் கண்டா புள்ள பேயக் கண்ட மாதிரியா கத்தும்?"

ஆட்கள் கூடிவிட்டனர். "பொலிசுக்கு அடிங்க," என்றார் ஒருவர். "முதல்ல ஆளுக்கு அடிப்பம், பொலிசுக்கு ஆறுதலா அடிக்கலாம்," என்றபடி தடித்த ஒருவர் சாலிஹின் சட்டையைப் பற்றினார்.

"பொறுங்க," என்றார் முதிய காவலாளி நல்லரத்தினம். "தம்பி, புள்ளட படம் ஏதும் வெச்சிருக்கிறயா?"

படங்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். சுலோஜனா எட்டிப் பார்த்தாள்.

"எல்லாத்திலயும் புள்ள மட்டும்தானே நிக்குது. நீங்க எங்க?"

அந்தக் கேள்வி அவரை அடித்த அடியை வேறெவரும் அடித்திருக்க முடியாது. றுக்ஷானாவை அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அஸர் நேரம், தொழுகையில் நிற்பாள். மகளின் அழுகை விக்கலாக மாறியிருந்தது. தம்மைக் கள்ளனென்று கட்டி வைத்தாலும் தாங்கலாம். தம்மைக் கண்டு நடுங்கும் அந்த முகத்தைத்தான் அவரால் தாங்க இயலவில்லை.

அப்போது அவருக்கு வெள்ளிக்கிழமைகள் நினைவுக்கு வந்தன.

"ஐயா, உங்கட நம்பரத் தாங்க. வீடியோ கோல் எடுக்கிறன். போன அவட கையில குடுங்க."

"ஓடிருவான்!" என்றார் தடித்தவர்.

"சட்டைய விடாம நீங்களும் வாங்க," என்றார் சாலிஹ்.

பொம்மைக் கடையில் தொங்கிய மஞ்சள் வாளியொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு காவற்கூடத்தின் பின்னே சென்றார். தடித்தவரும் கூடவே போனார். நல்லரத்தினத்தின் கைபேசியில் ஒரு மஞ்சள் வாளி தோன்றியது. பின்னர் அது விலகியது.

"வாப்பா!"

ஸாதியா திரையை முத்தமிட்டாள். சுலோஜனா அவளை நிலத்தில் இறக்கினாள். தடித்தவரின் பிடி தளர்ந்தது. சாலிஹ் அழைப்பைத் துண்டிக்காமல் மெல்ல மெல்ல முன்னே வந்து, மகளுக்கு எதிரே மணலில் அமர்ந்தார். அதற்குமேல் நெருங்கத் துணிவில்லாமல் வாளியால் முகத்தை மூடிக்கொண்டார்.

"தம்பி, என்ட போன்ல சார்ச் முடியுது," என்றார் நல்லரத்தினம்.

திரை இருண்டது. ஸாதியா வழக்கம்போலக் கைபேசியைப் புரட்டினாள். அங்கே வாப்பா இல்லை. சற்று அப்பால் மஞ்சள் வாளியொன்று இருந்தது. வாளிக்குள்ளே சாலிஹின் மூச்சு அவருக்கே பேரிரைச்சலாகக் கேட்டது. பலகை சரிந்து ஒற்றைக் கையால் தொங்கிய நாளிலும் அவர் இப்படி அஞ்சியதில்லை.

வாளியை இறக்கினார்.

குழந்தை கத்தவில்லை. அருகில் வந்து முகத்தை உற்றுப் பார்த்தாள். பின்னர் அவரைச் சுற்றிப் போய், பிடரிக்குப் பின்னால் வேறெவரும் ஒளிந்திருக்கிறார்களா என்று தேடினாள். ஒருவருமில்லை. மீண்டும் முன்னே வந்து, ஐஸ்கிறீம் பிசுபிசுத்த கையை அவருடைய மூக்கின்மேல் வைத்தாள்.

சாலிஹ் அசையவில்லை.