திரான் நீரிணையும் எங்கள் மாமுவும்

அறுபத்தேழாம் வருஷத்துக் கோடை விடுமுறையை நாசமாக்கியது திரான் நீரிணை. திண்டுக்கல்லில் எங்கள் தெருவிலேயே அந்தப் பெயரைத் திக்காமல் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வயது பதினொன்று.

அக்காவின் நிக்காஹுக்குப் பத்தே நாள். கப்பலில் சமையல்காரராக இருந்த அம்மாவின் ஒரே தம்பி இன்னும் வந்து சேரவில்லை. மாமு இல்லாமல் என்ன கல்யாணம் என்று மாப்பிள்ளை வீட்டில் முகம் சுளித்தார்கள். "கடல அடைச்சுட்டாங்க, தம்பி அக்கபாவுல மாட்டிக்கிட்டான்" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு அட்லஸை விரிக்கச் சொல்வாள்.

அட்லஸில் திரானே கிடையாது. செங்கடலின் தலையில் முயல்காது மாதிரி இரண்டு வளைகுடாக்கள். வலக்காதின் அடியில் நானே மசியால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். காதின் நுனியில் ஜோர்டானின் அக்கபா, அதை ஒட்டி இஸ்ரேலின் துறைமுகம், கீழே வாசலான திரானில் வழியை மறிக்கும் எகிப்தின் பீரங்கி. தினமும் ஏழெட்டுத் தடவை இதையே ஒப்பிக்க வேண்டும்.

"இம்புட்டுத்தானா? ஓரமா ஒதுங்கி வந்துர முடியாதா?" என்பார் தோல் மண்டி வைத்திருந்த, அப்பாவின் அண்ணனான பெரியத்தா. கப்பல் என்ன ஜட்கா வண்டியா? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பேப்பரைப் படித்ததும் விஷயம் பிடிபட்டது. தடை இஸ்ரேலுக்குப் போகும் கப்பல்களுக்குத்தான். அக்கபா கப்பல்கள் போய்வரலாம். அம்மாவிடம் சொன்னேன். "சும்மா கெட" என்றாள். மறுபடி சொன்னதற்குத் தொடையில் கிள்ளினாள். இப்படியொரு அம்மா வாய்த்தது என் தலையெழுத்து என்று நொந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா வந்தார். அம்மா வழக்கம்போல் கடலைத் திட்ட ஆரம்பித்தாள். என் பொறுமை போய்விட்டது.

"இல்ல மாமி, மாமு கப்பலுக்குத் தடையே இல்ல. பேப்பர்லயே போட்டிருக்கு" என்று விரல் வைத்து விளக்கினேன்.

மாமி டீயைக் கீழே வைத்தார். "அப்ப ஒங்க தம்பி எங்கதான் இருக்காரு?"

அம்மா அட்லஸைச் சட்டென்று மூடினாள். அடுப்படியில் அக்கா அழுதாள்.

மாமி போனபிறகு அடி விழும் என்று காத்திருந்தேன். "இம்புட்டுப் படிச்சவளுக்குச் செத்த நேரம் வாய மூடத் தெரியலியே" என்றாள் அம்மா, அவ்வளவுதான்.

மாமு எப்போதோ கப்பலைவிட்டு இறங்கி, பம்பாயில் யாரையோ கட்டிக்கொண்டு, இனி வரமாட்டேன் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் பார்த்தவள் அம்மா மட்டும். நிக்காஹ் நடந்தது. ஆனால் மாமியின் அந்தக் கேள்வியைப் புகுந்த வீட்டில் அக்காவிடம் வருஷக்கணக்காகக் கேட்டார்கள்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவ்வளவு தெளிவாக விளக்கியும் ஒருவர்கூடச் சபாஷ் சொல்லவில்லையே என்று கோபித்துக்கொண்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.