வாடகை மென்பொருளில் போன முகம்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பேனர் கடை வைத்திருக்கிறேன். தொடங்கியபோது படம் வடிவமைக்கும் மென்பொருளைக் குறுந்தகடாக வாங்கினேன். வாங்கியதோடு சரி, அதன் பிறகு யாரும் வந்து எதுவும் கேட்டதில்லை. அந்தக் கம்ப்யூட்டர் புகைந்து நின்றதும் புதிது வாங்கினேன். அதில் பழைய தகடு ஏறவில்லை. இனி மாத வாடகைதான் என்றது கம்பெனி. நான் செய்யும் படங்களையும் இணையம் வழியாகத் தன்னிடமே வைத்துக்கொண்டது. வசதி என்றார்கள். எனக்கு அப்போதே மனம் ஒப்பவில்லை, ஆனால் வேறு வழியில்லை.

மழைக்காலத்தில் பேனர் வேலை படுத்துவிடும். போன மழைக்கு வாடகை கட்டவில்லை.

தை பிறந்ததும் கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் வந்தார். மகளின் மஞ்சள் நீராட்டுக்கு என்னிடம் பேனர் அடித்தவர். அதில் மகளோடு அவர் மனைவியும் நிற்பார். மனைவி காய்ச்சலில் இறந்துவிட்டாராம். படம் இருந்த போனும் கெட்டுப்போனதாம்.

"அவ மூஞ்ச மட்டும் தனியா எடுத்துக் குடுங்க. சொவத்துல மாட்டணும்."

நிலுவையைக் கட்டித் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. கம்பெனிக்குப் போன் செய்தால் பதிவு செய்த குரல்தான் பேசியது.

"உங்க கம்ப்யூட்டர்லதான அடிச்சீங்க? அதுக்குள்ள இருக்காதுங்களா?"

"இல்லீங்க. கம்பெனிக்காரன் கிட்ட இருந்துச்சு. வாடகை கட்டலன்னு அழிச்சிட்டான்."

"அவனாண்ட போய்க் கேக்கலாங்களா? எங்க இருக்கான்?"

"தெரியலீங்க."

மறுவாரம் மகளையும் அழைத்துக்கொண்டு அந்தப் பேனரையே சுருட்டி எடுத்து வந்தார். ஆட்டுக் கொட்டகைக் கூரைமேல் கிடந்ததாம். எழுத்து தெரிந்தது. முகம் இருந்த இடம் வெயிலில் வெளுத்திருந்தது. அதைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மங்கிய முகத்தைத் தானாகவே தெளிவாக்கும் வசதி புதிய மென்பொருளில் உண்டு. அழுத்தினேன். கண்ணும் மூக்கும் சிரிப்புமாக ஒரு பெண் வந்தாள்.

மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா எங்கம்மா இல்லீங்க."

அவர் பேனரைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு, மகளோடு மலைக்குப் போகும் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பினார்.

இந்த மாதமும் வாடகை கட்டிவிட்டேன். கட்டாமல் விட்டால் தைக்குப் பிறகு வந்தவர்களுடைய படங்களும் போய்விடும். எத்தனை காலத்துக்குக் கட்ட முடியும் என்று தெரியவில்லை.