ஜர்னலின் இடப்பக்கம்

1998 ஜூலை 18 — பத்துக்கு 4
1998 ஆகஸ்ட் 22 — பத்துக்கு 5
1998 அக்டோபர் 3 — பத்துக்கு 8
1999 ஜனவரி 16 — பத்துக்கு 9
1999 மார்ச் 9 — நிறுத்திவைக்கப்பட்டது

இவை தமிழரசி என்ற கடைசியாண்டு மாணவி இயற்பியல் செய்முறையில் வாங்கிய மதிப்பெண்கள். மராத்தி பேசும் ஊரில், கட்கி பக்கம் இருந்த எங்கள் கல்லூரியில் அப்போது நான் பதிவேட்டு எழுத்தர். எழுத வந்ததோ அவளுடைய ஆசிரியை ஆரோக்கியமணியைப் பற்றி.

அங்கே ராணுவக் குடியிருப்பான கண்டோன்மென்டில் பிறந்து வளர்ந்தவர். 1981 முதல் எங்களிடம் கற்பித்தார். மற்றவர்கள் மாணவர்களின் செய்முறை நோட்டான ஜர்னலில் கையெழுத்து மட்டும் போடுவார்கள். இவர் வரைபடத்துக்கு விட்ட இடப்பக்கத்தில் பென்சிலால் எழுதுவார். தமிழரசிக்கு எழுதியது இது: "மூன்றாவது அளவு ஒட்டவில்லை. அதை மாற்றாமல் மறுபடி அளந்தாய். மதியத்தில் மின்னழுத்தம் குறைகிறது என்று நீயே கண்டுபிடித்தாய்."

தேர்வுக்கு முன் இக்குறிப்புகளை மாணவர்களே அழித்துவிட வேண்டும். ஜர்னலில் கையெழுத்தும் மதிப்பெண்ணும் தவிர ஆசிரியர் எழுத்து இருக்கக் கூடாது என்பது விதி.

தமிழரசி அழிக்கவில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதைப் பார்த்தார். நான்கு வாங்கியவள் ஒன்பது வாங்குகிறாள்; ஆசிரியையும் தமிழர், மாணவியும் தமிழர். சலுகை என்று எழுதி நிறுத்திவிட்டார். மதிப்பெண் வராவிட்டால் பட்டம் இல்லை, ஒரு வருடம் வீண்.

மறுநாள் அவளுடைய அப்பா மாடசாமி தொழிற்சாலைச் சீருடையோடு அலுவலகத்துக்கு வந்து நின்றார்; தமிழரசியும் ஆரோக்கியமணியும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள்.

"ஏ மூதி, ஒரு ரப்பர வச்சுத் தேய்க்கக் கை வலிச்சுதாக்கும்?"

"ரப்பர் எடுத்தேன்ப்பா. மன் நஹி ஹுவா. மனசே வரல. என்னப் பத்தி யாரும் அவ்ளோ எழுதினதே இல்ல."

ஆரோக்கியமணி கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

அந்த வகுப்பின் முப்பத்தெட்டு ஜர்னல்களும் என் பொறுப்பில் இருந்தன. ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். இருபத்தாறில் அழித்த தடம் தெரிந்தது. தமிழரசியுடையதைத் தவிர இன்னும் பதினொன்றில் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. தேர்வாளர் கண்ணில் அவை படவில்லை. பதினொரு பேரும் மராத்திப் பிள்ளைகள்.

"மேடம், தப்பிச்சோம். இத அனுப்பினா சலுகைன்னு எவன் சொல்வான்?"

"சொல்ல மாட்டாங்க. அந்தப் பதினொரு பேர் மார்க்கையும் சேர்த்து நிறுத்துவாங்க. கட்டிப் பூட்டிடுங்க, பரமசிவம் சார்."

பூட்டினேன். யாராவது வந்து கட்டைப் பிரிக்கச் சொல்வார்களோ என்று பல நாள் சாவியை வீட்டுக்கே கொண்டுபோனேன்.

ஆரோக்கியமணி தேர்வுப் பிரிவுக்குத் தாமே எழுதினார்: பிழை என்னுடையது, மாணவியை வேறொரு தேர்வாளர் முன் மறுபடி சோதித்துப் பாருங்கள்.

ஏப்ரல் 17இல் மறுசோதனை. உள்ளே போக அவருக்கு அனுமதி இல்லை. என் மேசைக்கு எதிரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

"அவளுக்குக் கை நடுங்கும் சார். கண்ணாடிச் சாமான் எதுவும் வச்சிருக்க மாட்டாங்கல்ல?"

தமிழரசி வெளியே வந்து, "தெரியல மேடம்," என்று மட்டும் சொன்னாள்.

அதன்பின் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு அவர் அலுவலக வாசலில் நிற்பார். நானே தலையை ஆட்டி இல்லை என்பேன்.

கடைசியில் வந்த கடிதத்தில் இரண்டே வரிகள். மறுசோதனையில் மாணவிக்குப் பத்துக்கு 7, தேர்ச்சி. ஆசிரியைக்கு மூன்றாண்டு தேர்வுப் பணி கிடையாது. முதல் வரியை மட்டும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். கடிதம் வந்தது 1999 ஜூன் 4.