யோகேஸ்வரன் சேர் எழுதித் தராத கடிதம்

யோகேஸ்வரன் சேரைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. அதையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைத் தொடங்கிவிட்டால் அதில் நான் எங்கே நிற்கிறேன் என்பதும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நல்லது சொல்ல எனக்கு வாய் வராது.

அவர் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். அம்மா கொழுந்து பறித்தவர். இளவயதில் எண்ணூறு மீட்டர் ஓடியிருக்கிறார். மாகாணப் போட்டிக்குப் போவதற்கு முதல் நாள் அம்மை போட்டுப் படுத்துவிட்டாராம். அந்தக் கதையை வருடத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவார், ஒவ்வொரு தடவையும் நேற்று நடந்தது போலவே கோபப்படுவார். 1996இல் ஹட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லூரி என்று பெயர் வைத்த எங்கள் பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு ஆசிரியராக வந்தார்.

இரண்டு வருடம் கழித்து நான் தமிழ் ஆசிரியையாக வந்தேன். என் பெயர் ரத்னா. டவுனில் எங்கள் அப்பாவுக்குப் புடவைக் கடை. எனக்கும் ஓட்டத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கண்ணெதிரே பஸ் போனால்கூட ஓடமாட்டேன், அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். ஆனால் பெண்பிள்ளைகளின் அணி வெளியூர் போவதென்றால் கூட ஓர் ஆசிரியை போக வேண்டும். கல்லூரி அதிபர் என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்.

அப்போது எங்கள் மைதானம் சரிவாக இருந்தது. வட்டத்தில் பாதி ஏற்றம், பாதி இறக்கம். சுண்ணாம்புக் கோடு போட்டால் மத்தியானத்து மழைக்குக் காணாமல் போய்விடும். துப்பாக்கிக்குப் பதிலாக இரண்டு பலகைத் துண்டுகளைச் சேர்த்து அடித்துத்தான் ஓட்டத்தைத் தொடங்குவார். அஞ்சலோட்டக் கோல், தண்ணீர்க் குழாயில் வெட்டிய ஒரு துண்டு. நான்கு பேர் ஓடும் அணிக்கு முள் சப்பாத்து இரண்டு சோடிதான் இருந்தது. யாருடைய கால் அதற்குள் போகிறதோ அவள் போட்டுக்கொள்வாள், மற்றவள் வெறுங்காலோடு ஓடுவாள்.

பிள்ளைகளை அவர் தேர்ந்தெடுக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். பிந்தி வருகிறவர்களைக் கேட்டில் நிறுத்திக் கை நீட்டச் சொல்வதுதான் மற்ற ஆசிரியர்களின் வழக்கம். இவர் போய், "தோட்டத்துல எந்த டிவிசன்ல இருந்து வர்ற? எத்தன மணிக்குப் பொறப்பட்ட?" என்று கேட்பார். மனசுக்குள் கணக்குப் போடுவார். நாலு மைல் ஏற்றத்தை அரை மணியில் ஏறி வந்தவள் அன்று அடி வாங்கமாட்டாள், பின்னேரம் மைதானத்தில் நிற்பாள். அப்படி வந்தவர்களை வைத்துத்தான் வலய மட்டத்தில் ஒன்பது தடவை கேடயம் வாங்கினார். மாகாணத்தில் மட்டும் ஒவ்வொரு வருடமும் நாலாவது, ஐந்தாவது. கண்டியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கினிகத்தேனை வரும்வரை யாரோடும் பேசமாட்டார். கினிகத்தேனையில் எல்லோருக்கும் பால் விடாத பிளேன்டித் தேநீர் வாங்கிக் கொடுப்பார்.

கிருஷாந்தியும் அப்படி ஓடி வந்தவள்தான். டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டம். அம்மா பூரணி, கொழுந்துக்காரி. தங்கை அனோஜா ஒன்றரை வயது இளையவள், எங்கள் கல்லூரியிலேயே படித்தாள். முகம் இருவருக்கும் ஒரே அச்சு. ஆனால் அனோஜாவுக்கு ஓட்டம் என்றால் என்னைப் போலத்தான்.

2015இல் பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களின் அஞ்சலோட்ட அணி, சேருடைய பத்தொன்பது வருடத்தில் வந்த மிகச் சிறந்த அணி. அந்தத் தடவை அகில இலங்கைப் போட்டிக்குப் போனால் மைதானத்தை மட்டப்படுத்தித் தருவதாக ஒரு பெரிய மனிதர் மேடையில் வாக்குக் கொடுத்திருந்தார். மாகாணப் போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, கடைசிச் சுற்று ஓடுகிற பிள்ளையின் குடும்பம் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் ஓடக்கூடியவள் கிருஷாந்தி ஒருத்திதான். அவளுக்கோ வயது இருபத்தாறு நாள் கூடிவிட்டது.

"அனோஜா பேர்ல ஓடட்டும் டீச்சர்" என்றார் சேர், ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து.

"என்ன சேர் பேசுறீங்க? அது கள்ள வேலையில்லையா?"

"தோட்டத்துப் பிள்ளைக்குப் பொறந்த தேதிய யாரு பாத்து எழுதினா? என்னோட சர்ட்டிபிகேட்ல நான் பொறந்தது செப்டம்பர். எங்கம்மா சொல்லுது தைப்பொங்கலுக்கு மறுநாள்னு. அப்பா பேரு தப்பு, பிரிவு தப்பு. அவங்க இஷ்டத்துக்கு எழுதினாங்க, நாம சும்மா இருந்தோம். இருபத்தாறு நாள நாம மாத்தினா மட்டும் கள்ள வேலையா?"

என்னுடைய பிறப்புச் சான்றிதழில் நேரம்கூடச் சரியாக இருக்கும். எங்கள் அப்பா நேரே போய் நின்று பதிந்தவர். காகிதம் என்பது யாரோ நம்மைப் பற்றி எழுதி வைப்பது, அதில் பிழை இருப்பதுதான் இயல்பு என்று வளர்ந்த மனிதரிடம், கடைக்காரர் மகள் நான் எந்த முகத்தோடு நியாயம் பேசுவது? அப்படி நினைத்துத்தான் இணங்கினேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. எனக்கும் ஜெயிக்க ஆசையாக இருந்தது.

போட்டிக்கு அனுப்பும் வயதுச் சான்றுப் படிவத்தில் படம் ஒட்டி வகுப்பாசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். அனோஜாவின் வகுப்பாசிரியை நான். அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் அக்காளின் படத்தை என் கையால் பசை தடவி ஒட்டினேன். அதிபர் அன்றைக்கு வந்த நாற்பது படிவங்களோடு இதிலும் கையெழுத்துப் போட்டார். பூரணியிடம் சேரே போய்ச் சொன்னார். "நீங்க சொன்னா சரிதாங்க சேர்" என்றாளாம். வேறொன்றும் கேட்கவில்லையாம். என்னவாவது கேட்டிருக்கலாம் அந்த மனுஷி.

அந்த வருடம் மாகாணத்தில் முதலிடம். கொழும்பில் நடந்த அகில இலங்கைப் போட்டியில் மூன்றாமிடம். கோல் கைக்கு வந்தபோது கிருஷாந்தி ஆறாவதாக இருந்தாள். பிறகு மூன்று பேரைத் தாண்டினாள். எனக்குத் தொண்டை கட்டும்வரை கத்தினேன், "அனோஜா! அனோஜா!" என்று. படிவத்தில் கொடுத்த பெயரை மறந்துவிடக் கூடாதே என்ற கவனம் எனக்கு அந்த நேரத்திலும் இருந்தது. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த வருடமும் அதே பெயர். ஒரு தடவை பெயர் கொடுத்தால் பிறகு மாற்ற முடியாது. மாகாணத்தில் நானூறு மீட்டரில் சாதனை படைத்தாள், பத்திரிகையில் படம் வந்தது, கீழே அனோஜா என்று போட்டிருந்தார்கள். மைதானமும் மட்டமானது. இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் மட்டமான தரையில் ஓடுகிறார்கள். சேர் எல்லோருக்கும் 'கோச் சேர்' ஆனார். அந்த அணியில் ஓடிய பிரேமினிக்கு அந்தச் சான்றிதழால் பொலிஸில் வேலை கிடைத்தது.

கிருஷாந்திக்கு விளையாட்டு ஆசிரியை ஆக வேண்டும். உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டுக் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். உடற்கல்விப் பாடத்துக்கு மாகாண மட்டச் சான்றிதழ் கேட்பார்கள். அவளிடம் ஒன்றும் இல்லை. ஐந்து சான்றிதழ்கள் அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கின, ஐந்திலும் தங்கையின் பெயர்.

2021இல் நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு வந்து என்னிடம் சொன்னாள்.

"பேப்பர் படத்தக் கொண்டு போனேன் டீச்சர். இன்டர்வியூ பண்ணின மாத்தயா பாத்துட்டு, 'இது நீங்கதானே'ன்னு சிங்களத்துல கேட்டாரு. ஆமான்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். பேரு ஏன் வேறன்னு கேட்டா சேரக் கூப்பிடுவாங்களே. அதனால, இல்ல, ஓடினது தங்கச்சின்னு சொல்லிட்டேன்."

அழவில்லை அவள். நான்தான் மேசை லாச்சியைத் திறந்து எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

அவள் கேட்டது ஒரே ஒரு கடிதம். ஓடியது கிருஷாந்திதான் என்று சேர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், வகுப்பாசிரியை என்று நானும் போட வேண்டும். சேர் அவளிடம் "அடுத்த தடவ பாப்போம் பிள்ள" என்றார். என்னிடம் வேறு கதை சொன்னார்.

"எழுதினா மெடலப் புடுங்குவாங்க டீச்சர். பிரேமினி வேலைக்கு என்ன ஆகும்? கல்லூரிப் பேரு என்ன ஆகும்?" பிறகு, "எனக்கும் பென்ஷன் நேரம்" என்றார். கடைசியாகச் சொன்னதுதான் காரணம் என்று இருவருக்கும் தெரியும். எனக்கும் பென்ஷன் அதிக தூரத்தில் இல்லை என்பதும் இருவருக்கும் தெரியும். தேநீரைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போனோம்.

கிருஷாந்தி ஹட்டனில் ஒரு சப்பாத்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் அந்தப் பக்கத்து நடைபாதையில் போவதை விட்டுவிட்டேன். மழையென்றாலும் எதிர்ப்பக்கம்தான்.

2023இல் சேருக்கு அறுபது வயது. பழைய மாணவர்கள் பெரிய விழா ஏற்பாடு செய்தார்கள். அதே மாதம் கிருஷாந்திக்கு மறுபடி நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. அந்த வருடத்தோடு அவளுக்கு வயதெல்லை தாண்டிவிடும், இனி விண்ணப்பிக்க முடியாது. இந்தத் தடவை பூரணியும் சேர் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். அவள் கதிரையில் உட்கார மறுத்து வாசற்படியோரம் நின்றாள்.

"அன்னிக்கு நீங்க கேட்டீங்க, நான் குடுத்தேன் சேர். இப்ப எம் புள்ளைக்கு அவ பேரத் திருப்பிக் குடுங்க."

சேர் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "விழா மேடையிலேயே சொல்லிடுறேன். வலயக் கல்விப் பணிப்பாளரும் வருவாரு. எல்லார் முன்னாலயும் என் வாயால சொல்றேன். மறுநாள் கடிதமும் தாறேன். அவளக் கூட்டிக்கிட்டு வாங்க." அதைச் சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான், எனக்குத் தெரியும்.

மண்டபம் நிறைந்திருந்தது. கொழும்பிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். நிகழ்ச்சியை நடத்தியவன் ஜீவராஜ், சேருடைய பழைய ஈட்டி எறி வீரன், நல்ல வாய்க்காரன். பத்திரிகையில் வந்த பெயர்தான் அவனுக்குத் தெரியும். "இப்போது நம்ம சேருக்கு மாலை அணிவிக்க வருகிறார், மாகாணச் சாதனை வீராங்கனை அனோஜா!" என்றான். முன்வரிசையிலிருந்து கிருஷாந்தி எழுந்து மேடை ஏறினாள். நீல நிறச் சேலை கட்டியிருந்தாள். பூரணி எழுந்து நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேர் மாலையை வாங்க முன் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார்.

"இது அனோஜா இல்ல" என்றார். "இவ பேரு கிருஷாந்தி. அன்னிக்கு ஓடினது இவதான்."

ஜீவராஜ் சிரித்தான். "பாத்தீங்களா? நம்ம யாரையாவது சேர் சரியான பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காரா? என்னய மூணு வருஷம் கிஷாந்துன்னுதானே கூப்பிட்டாரு! இன்னிக்கு விழாவுல கூடவா சேர்?" மண்டபம் முழுக்கச் சிரிப்பு. பணிப்பாளரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யாரும் கெட்டவர்கள் இல்லை, அன்பால்தான் சிரித்தார்கள்.

ஒலிவாங்கி இன்னும் சேர் கையில்தான் இருந்தது. இன்னும் ஒரு வசனம் சொன்னால் போதும். அவர் வாய் திறந்ததை நான் பார்த்தேன். பிறகு அந்த முகம் தளர்ந்து, தப்பித்துக்கொண்டவனின் முகமாக மாறியதையும் பார்த்தேன்.

"வயசாயிடுச்சுல்ல" என்று சொல்லிச் சிரித்தார்.

மேடையில் மூன்றாவது நாற்காலி என்னுடையது. என் முன்னாலும் ஓர் ஒலிவாங்கி இருந்தது. சேர் என்னைப் பார்த்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வெட்கக்கேடு, அதை எந்தச் சொல் போட்டு மூடுவேன்? தட்டினேன்.

கிருஷாந்தி மாலையைப் போட்டாள், குனிந்து காலைத் தொட்டாள், நேராக இறங்கிப் போனாள்.

சாப்பாட்டு நேரம் சேரும் நானும் அவளைத் தேடிப் போனோம். கைகழுவும் இடத்தில் அம்மாவும் மகளும் பைகளை எடுத்துக்கொண்டு புறப்பட நின்றார்கள். சேர் மாலையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

"நாளைக்குக் கட்டாயம் கடிதம் தாறேன் பிள்ள. செவ்வாக்கிழமதானே இன்டர்வியூ? அதுக்குள்ள தந்துடுறேன்."

"வேணாம் சேர். நான் போகல."

"ஏன் பிள்ள?"

அவள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

"நீங்க கடிதம் தரமாட்டீங்க சேர். அங்க போனா அவங்க மறுபடியும் கேப்பாங்க. ஓடினது நான் இல்லன்னு இன்னொரு தடவ என் வாயால சொல்ல என்னால முடியாது."

பூரணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். டிக்கோயா பஸ்ஸுக்கு இருவரும் நடந்து போனார்கள். சேரும் நானும் அவர்களைக் கூப்பிடவில்லை.